அரைஞாண் பூட்டிய கார்

என் மேல்தான் தப்பு என்று நான் வாய்விட்டு ஒப்புக்கொண்டது இந்த வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். அதுவும் ஒரு பழைய காருக்குள் உட்கார்ந்துகொண்டு, விரலைச் சுட்டுக்கொண்டு, புருஷன் முகத்தைப் பார்க்க முடியாமல். அதற்கு முன்னும் பின்னும் நான் தப்பே செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. ஒப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஜப்பான்காரன் ஆட்சியில் நடந்தது இது. மலாயாவில், சிகாமட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். வெள்ளைக்காரத் துரை சிங்கப்பூருக்கு ஓடியபோது பட்டாள லாரியில் தன் இரண்டு நாய்களுக்கு இடம் பிடித்துக்கொண்டு போனார். காரை விட்டுவிட்டுப் போனார். கறுப்பு நிற இங்கிலீஷ் கார். அந்தக் காருக்கு டிரைவர் என் வீட்டுக்காரர். துரை போன பிறகும் அவர்தான் ஓட்டினார். காய்ச்சல்காரர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது, தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணியை டவுனுக்குக் கொண்டுபோவது, இரண்டுதான் வேலை. பெட்ரோல் ஏது? ரப்பரைக் காய்ச்சி எடுத்த எண்ணெயைக் குடித்துவிட்டு அது இருமிக்கொண்டே ஓடும்.

அரிசி இல்லை, துணி இல்லை, உப்புக்கூட இல்லை. ரப்பர் மட்டும் இருந்தது. வாங்க ஆளில்லாமல் ஸ்டோரில் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடந்தது. மரம் சீவுகிற வேலை நின்றுபோய் எங்களையெல்லாம் மரவள்ளி நட விட்டார்கள். நட்டது போக மிச்ச நேரத்தில் நான் கத்தியும் ரப்பர் ஷீட்டுமாக உட்கார்ந்துவிடுவேன். செருப்பு வெட்டினேன், வாளி செய்தேன், கதவுக்குக் கீல் செய்தேன். மிஷின் கொட்டகையில் கரண்டுப் பெட்டியைத் தொடுகிறவருக்கு, காலுக்கடியில் போட்டுக்கொள்ள ஒரு கனமான விரிப்பு வெட்டிக் கொடுத்தேன். அதன் மேல் நின்றால் கரண்டு அடிக்காது, ரப்பர் கரண்டைத் தாண்ட விடாது என்று அவர் விளக்கம் வேறு சொன்னார். நானும் பெரிய படிப்பாளி மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

ரப்பரால் ஆகாதது ஒன்றுமில்லை என்று எனக்கு ஒரு திமிர் வந்துவிட்டது. அந்தத் திமிரோடுதான் காரில் கை வைத்தேன்.

எங்கள் மண் சடக்கில் கார் போனால் பாத்திரக்கடைக்குள் மாடு புகுந்த சத்தம் வரும். ஒவ்வொரு பள்ளத்திலும் தகரம் கிடுகிடுக்கும். காய்ச்சலில் கிடக்கிறவர்கள் அந்தச் சத்தத்திலேயே பாதி உயிரை விட்டார்கள். காரின் மேல்பாகம், அதாவது கதவு, சீட்டு, விளக்கு, ஹாரன் எல்லாம் பூட்டிய உடம்பு, அடியில் இருக்கிற இரும்புச் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருந்த பழைய துணி மெத்தை மக்கிப்போனதுதான் சத்தத்துக்குக் காரணம் என்று வீட்டுக்காரர் சொன்னார். "இவ்வளவுதானா?" என்றேன். இரண்டு வாரம் இரண்டு பேரும் ஜாக்கி வைத்துத் தூக்கி, போல்ட்டுப் போல்ட்டாகக் கழற்றி, உடம்புக்கும் சட்டத்துக்கும் நடுவில் ரப்பர் துண்டு கொடுத்தோம். போல்ட்டுகளும் இரும்பில் உரசக் கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் ரப்பர்க் குழாய் மாட்டிவிட்டது என் சொந்த மூளை. கடைசியில் மழைத்தண்ணீர் இறங்காமல் இருக்க ரப்பர்ப் பாலையும் மேலே பூசி அடைத்தேன்.

கார் பூனை மாதிரி வந்து நின்றது. எங்கள் கூலி வீட்டு வரிசை, லயத்தில் இருந்த எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு மாதம் நான் தரையில் நடக்கவில்லை.

அந்த ஒரு மாதமும் யாரும் விளக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. இருட்டினால் வண்டி ஓட்டத் தடை. விளக்குக்கு வேலை இல்லை. ஹாரன்? சடக்கின் இரண்டு பக்கமும் மரவள்ளிதான் நின்றது. மரவள்ளிக்கா ஹாரன் அடிப்பது?

ஒரு நாள் காலையில் கிராணி சைக்கிளை மிதித்துக்கொண்டு எங்கள் லயத்துக்கே வந்தார். ஆபீஸ் கணக்கும் ஆள் கணக்கும் பார்க்கிறவர் அவர். லயத்துக்கு அவர் வந்தால் நல்ல செய்தி இருக்காது. முதல் தடவை சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோதும் இப்படித்தான் வந்தார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு என் வீட்டுக்காரரிடம் சொன்னார்:

"நாளைக்குக் காலையில ஜொகூர் பாருலேர்ந்து ஜப்பான் ஆபீசர் வர்றாரு. ஒவ்வொரு தோட்டத்திலயும் வண்டியைச் சோதிக்கிறாங்க. விளக்கு எரியணும், ஹாரன் அடிக்கணும், வண்டி ஓடணும். பாஸ் ஆச்சுன்னா வண்டி இங்கயே இருக்கும், நீ டிரைவர். ஆகலன்னா வண்டி பழைய இரும்புக்குப் போயிரும், நீ கூலி." கொஞ்சம் நிறுத்தி, என்னைப் பார்க்காமல் முடித்தார். "கூலின்னா சயாம்தான். லிஸ்ட்ல இன்னும் ஒரு ஆள் குறையுது."

"எங்க வண்டிக்கு என்னா கேடு? பூனை மாதிரி ஓடுது," என்றேன் நான்.

"ஒரு தடவை போட்டுப் பாத்துருங்க லா," என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

ஷீட்டு உலர்த்துகிற புகைக் கொட்டகை காலியாகத்தான் கிடந்தது. செங்கல் சுவர், ஜன்னல் கிடையாது, பட்டப்பகலிலும் உள்ளே கும்மிருட்டு. காரை அதற்குள் தள்ளிக்கொண்டு போய் விளக்கைப் போட்டோம். இரண்டு விளக்கும் காமாலைக்காரன் கண் மாதிரி மஞ்சளாக முழித்தன. எதிர்ச்சுவர் தெரியவில்லை. ஹாரனை அமுக்கினார். தொண்டை கட்டிய ஆடு ஒன்று தூரத்தில் முனகியது போல ஒரு சத்தம். அவர் மறுபடி அமுக்கினார். ஆடு செத்தேபோனது.

"பேட்டரிதான்," என்றார் அவர். பேட்டரி டிரைவர் சீட்டுக்கு அடியில், இரும்புச் சட்டத்தில் இருந்தது. சீட்டைத் தூக்கிவிட்டு, விளக்கிலிருந்து பல்பைக் கழற்றி, இரண்டு துண்டுக் கம்பியால் நேராகப் பேட்டரியில் தொட்டுப் பார்த்தார். பல்பு வெள்ளை வெளேரென்று எரிந்தது. ஹாரனைக் கழற்றி அதே மாதிரி நேராகத் தொட்டார். அது போட்ட கூப்பாட்டில் வெளியே மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் லயத்துக் கூரைக்குப் பறந்தன. பேட்டரி நல்லது, பல்பு நல்லது, ஹாரன் நல்லது. வண்டியில் மாட்டினால் மட்டும் எல்லாம் செத்துப்போகிறது.

அப்போது மணி பத்து இருக்கும். பிறகு என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்துவிட்டு அவர் முன்னால் போய்க் குனிந்தார். சுவிட்சைச் சுரண்டினார். ஒயரைப் பிரித்துப் பிரித்து மாட்டினார். பேட்டரியிலிருந்து விளக்குக்குப் புது ஒயரே இழுத்துப் பார்த்தார். "போடு," என்பார். போடுவேன். மஞ்சள். "அணை," என்பார். அணைப்பேன். மத்தியானம் வரை இதே பாட்டு. எனக்குப் பசி, எரிச்சல், அதற்கும் அடியில் சயாம். முதல் தடவை போனவர்களிடமிருந்து ஒரு கடிதாசுகூட வரவில்லை.

"என்னாதாங்க செய்றீங்க அங்க? குனிஞ்சு குனிஞ்சு கும்புடவா செய்றீங்க?"

"சும்மா இரு புள்ள. விளக்கைப் போட்டு வை, அணைக்காத."

போட்டு வைத்தேன். சும்மா இருக்கத்தான் முடியவில்லை. கை எதையாவது நோண்ட வேண்டும் எனக்கு. காலையில் எஞ்சினுக்குக் கூடுதல் எண்ணெய் விட இழுக்கிற சோக்குக் குமிழ் முன்னால் இருந்தது. அதை இழுத்து விட்டு, இழுத்து விட்டு, அதற்குப் பின்னால் போகிற மெல்லிய கம்பியைப் பிடித்தேன்.

"அய்யோ!" என்று கத்திவிட்டேன். விரல் நுனி பொசுங்கிவிட்டது.

"என்னா?"

"சோக்குக் கம்பி சுடுதுங்க! தோசைக்கல்லு மாதிரி சுடுது!"

"எஞ்சின் சூடா இருக்கும்."

"எஞ்சினை நீங்க இன்னைக்கு ஸ்டார்ட்டே பண்ணலயே! தள்ளிக்கிட்டுத்தானே வந்தோம்!"

அவர் நிமிர்ந்தார். எஞ்சின் மேல் கையை வைத்துப் பார்த்தார். பச்சைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்திருந்தது. வந்து விளக்கை அணைத்தார். கொஞ்ச நேரத்தில் கம்பி ஆறியது. போட்டார், மறுபடி சுட்டது.

"ஏங்க, கரண்டு விளக்குக்குப் போவுது சரி. திரும்பி எப்படி வருது?"

"வண்டி உடம்பு வழியாத்தான். இரும்புதானே. விளக்குலேர்ந்து உடம்பு, உடம்புலேர்ந்து அடிச்சட்டம், சட்டத்துலேர்ந்து பேட்டரி..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார்.

எனக்கோ மிஷின் கொட்டகைக்காரரின் காலடியில் கிடந்த விரிப்பு கண் முன்னால் வந்துவிட்டது. ரப்பர் கரண்டைத் தாண்ட விடாது. உடம்புக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு இடம் விடாமல் ரப்பர் கொடுத்தது யார்? போல்ட்டுக்குக்கூடச் சட்டை போட்டது யார்? திரும்பி வர வழியில்லாமல் கரண்டு முழுவதும், உடம்பிலிருந்து, சட்டத்தில் உட்கார்ந்திருக்கிற எஞ்சினுக்குப் போகிற அந்த ஒற்றைச் சோக்குக் கம்பியில் முண்டியடித்துக்கொண்டு போயிருக்கிறது. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் விரலையே சுட்டுவிட்டது.

"நான்தாங்க," என்றேன். "நான் போட்ட ரப்பர்தான். தப்பு என் மேலதான்."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டத் தெரியாத மனுஷன். வண்டிப் படியில் உட்கார்ந்து தலையைச் சொறிந்துகொண்டு, "வண்டிக்கே செருப்பு தச்சுப் போட்டிருக்க," என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கத் தாங்கவில்லை.

ரப்பரையெல்லாம் எடுக்க மறுபடி இரண்டு வாரம் வேண்டும். இருந்தது அரைநாள். எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதில்லை, உடம்பையும் சட்டத்தையும் ஒரே ஒரு இடத்தில் இரும்பால் சேர்த்துவிட்டால் போதும் என்றார் அவர். வேலிக்கம்பியை வெட்டிக்கொண்டு வந்தேன். சீட்டுக்கு அடியில், பேட்டரி பக்கத்திலேயே, ஒரு நுனியை உடம்பிலும் ஒரு நுனியைச் சட்டத்திலும் முடுக்கினார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. நான் கைதட்டிவிட்டேன். வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஆபீஸ் திடலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தோம். விளக்கு மறுபடி மஞ்சள். உடம்பு ரப்பர் மேல் ஆடுகிறது, சட்டம் ஆடவில்லை. நடுவில் மாட்டிய விறைத்த கம்பி இரண்டாவது பள்ளத்திலேயே பட்டென்று போய்விட்டது. இன்னொன்று போட்டார். அதுவும் போனது. வளைந்து கொடுக்கிற, பின்னின கம்பி வேண்டும். செம்பில் இருந்தால் நல்லது. செம்பு என்று பெயர் இருந்ததையெல்லாம் ஜப்பான்காரன் எப்போதோ பிடுங்கிக்கொண்டு போயிருந்தான்.

அறுந்த கம்பியைக் கழற்ற அவர் சீட்டுக்கு அடியில் குனிந்தார். சட்டை மேலே ஏறியது. இடுப்பில் பளிச்சென்று ஒன்று தெரிந்தது.

எங்கள் கல்யாணத்துக்கு என் அப்பா போட்ட வெள்ளி அரைஞாண் கொடி. சுண்டுவிரல் கனம். நூல் மாதிரி மெல்லிய வெள்ளி இழைகளைப் பின்னிச் செய்தது. வளைத்த பக்கம் வளையும். என் தோடு, கொலுசு எல்லாம் அரிசிக்குப் போய்விட்டன. ஆண் பிள்ளை இடுப்பில் கிடந்ததால் அது மட்டும் பிழைத்திருந்தது.

"அதை அவுருங்க," என்றேன்.

"எதை?"

"அரைஞாணை."

அவர் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "பைத்தியமா உனக்கு? ஆம்பளைக்கு அரைஞாணை எப்ப அவுப்பாங்கன்னு தெரியாதா?"

தெரியாமல் என்ன? கடைசியாகக் குளிப்பாட்டித் தூக்குகிறபோதுதான் அவிழ்ப்பார்கள். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கொட்டகையே அதிர்ந்தது.

"சயாமுக்குப் போனா அதை அவுக்கக்கூட ஆள் இருக்காது! அந்தக் காட்டுல உங்களை எவன் குளிப்பாட்டுவான்? சொல்லுங்க, எவன்?"

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. காலையிலிருந்து கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் பயம்தான். இவர் போய்விட்டால் எனக்கு யாரும் இல்லை. இந்த வாயை வைத்துக்கொண்டு யாரிடம் சண்டை போடுவேன்?

அவர் இடுப்பிலிருந்து கையை எடுத்தார். பிறகு மெதுவாக, "வெறும் இடுப்போட இருக்கக் கூடாது," என்றார்.

"இருக்க வேணாம்."

கத்தியை எடுத்து, ரப்பர் ஷீட்டில் நீளமாக ஒரு பட்டை வெட்டினேன். பழசு இடுப்பில் இருக்கும்போதே புதுசைக் கட்டிவிட வேண்டும், அதுதான் முறை. ரப்பரை அவர் இடுப்பைச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினேன். "எதுக்குடி மூணு?" என்றார். "ஒண்ணும் பேசாதீங்க," என்றேன். பிறகு வெள்ளிக் கொடியின் கொக்கியில் கை வைத்தேன். கொக்கியை அவிழ்க்கத் தேவையே இருக்கவில்லை. மரவள்ளி தின்று மெலிந்த இடுப்பு. கொடி தானாக வழுக்கிக்கொண்டு கீழே வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் எங்கேயோ பார்த்தேன்.

உடம்பிலும் சட்டத்திலும் பெயிண்டைப் புதுத் தகரம் மாதிரி மின்னும் வரை சுரண்டினோம். கொடியை வெட்டவில்லை, இரண்டாக மடித்து, இரும்போடு ஒட்ட முடுக்கினார். அந்த இடத்தில் மட்டும் நான் ரப்பர் போடவில்லை. வெள்ளியைக் கண்டால் ஆபீசர் விடமாட்டான் என்று சுவர்ப் புகைக்கரியையும் கிரீஸையும் குழைத்து அதன் மேல் அப்பிவிட்டேன். திடலை நாலு சுற்றுச் சுற்றினோம். விளக்கு அசையவில்லை. சோக்குக் கம்பியைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

மறுநாள் காலையில் ஆபீசர் வந்தார். குட்டை ஆள், பூட்ஸுக்கு மேல் கத்தி தொங்கியது. கூட மலாய் பேசுகிற ஒரு மொழிபெயர்ப்பாளன். கிராணி கையில் லிஸ்ட்டோடு நின்றார். நான் கையில் ஒரு விளக்குமாறோடு, பெருக்குகிற சாக்கில் புகைக் கொட்டகை வாசலில் நின்றேன். வீட்டுக்காரர் திடலைச் சுற்றினார். வேண்டுமென்றே ஆபீசர் பள்ளம் இருக்கிற பக்கமாகக் கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் பெருக்கின இடத்தையே மறுபடி பெருக்கினேன். பிறகு வண்டியைக் கொட்டகைக்குள் விடச் சொல்லி, அவரும் உள்ளே போனார்.

விளக்கைப் போட்டார் என் வீட்டுக்காரர். வருஷக்கணக்காகப் புகை பிடித்த கரிச்சுவர் முழுவதும் பகல் மாதிரி ஆனது. செங்கல் செங்கலாக எண்ணலாம். ஆபீசர் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு என்னவோ சொன்னார். "ஹாரன்!" என்றான் மொழிபெயர்ப்பாளன்.

அமுக்கினார் பாருங்கள்! அந்த மூடின கொட்டகைக்குள் ஆனை பிளிறின மாதிரி ஒரு சத்தம். மொழிபெயர்ப்பாளன் துள்ளிப்போனான். கூரையில் இருந்த கரியெல்லாம் அந்த அதிர்ச்சியில் பொலபொலவென்று உதிர்ந்து ஆபீசர் தொப்பி, தோள், கத்தி எல்லாவற்றிலும் கொட்டியது. சத்தம் நின்றது. கன்னத்தில் அறைவது அவர்களுக்குக் காப்பி குடிப்பது மாதிரி.

ஆபீசர் தோளில் இருந்த கரியைத் தட்டினார். வண்டிக் கதவைத் திறந்து, என் வீட்டுக்காரரை இறங்கச் சொன்னார். அந்த இடத்தில் தானே ஏறி உட்கார்ந்து, ஹாரனை அமுக்கினார். நீளமாக. இன்னும் கொஞ்சம் கரி கொட்டியது. மறுபடி அமுக்கினார். அந்த ஆள் சிரித்துக்கொண்டிருந்தார்.

மொழிபெயர்ப்பாளன் சீட்டைத் தூக்கிப் பார்த்து, "இது என்ன?" என்று மலாயில் கேட்டான். "டாவாய், துவான்," என்றார் என் வீட்டுக்காரர். கம்பி, ஐயா. கிரீஸில் கை வைக்க அவனுக்கு மனசில்லை. சீட்டை மூடிவிட்டான். "பாகூஸ்," என்றான், நல்லது. கிராணி லிஸ்ட்டை மடித்துப் பையில் போட்டார். என் வீட்டுக்காரர் கையில் ஜப்பான் எழுத்துப் போட்ட ஒரு துணிப்பட்டையைக் கட்டிவிட்டார்கள். டிரைவர்! நான் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு, அங்கேயே, எல்லோர் முன்னாலும், தலைக்கு மேல் கையைக் கூப்பினேன். சாமியைக் கும்பிட்டேனோ காரைக் கும்பிட்டேனோ, எனக்கே தெரியாது.

அந்த மாதம் சயாமுக்கு ரயில் ஏறினவர்களில் பாதிப்பேர்கூடத் திரும்பவில்லை.

சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்ப வந்து, அரிசியும் வந்து, அதற்கும் பிறகுதான் அந்தக் காரை விற்றார்கள். கொண்டுபோக ஆள் வருவதற்கு முன்னால் வீட்டுக்காரர் சீட்டைத் தூக்கி, செம்பு ஒயர் ஒன்றை மாட்டிவிட்டு, கொடியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். புளி போட்டுத் தேய்த்தேன். அரை நாள் தேய்த்த பிறகு வெள்ளி தெரிந்தது. அதுவரை அவர் இடுப்பில் நான் அவ்வப்போது வெட்டிக் கட்டின ரப்பர்தான் கிடந்தது. அது அவரோடு சேர்ந்து நீண்டுகொண்டே வந்திருந்தது.

"இப்பப் போட்டு விடு," என்று சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். கொடியை இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து கொக்கியை மாட்டப் பார்த்தேன். எட்டவில்லை. மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னேன். இழுத்தார். அப்போதும் நாலு விரல் எட்டவில்லை. அப்படியொரு தொப்பை.

எனக்கு வந்த சிரிப்பில் கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. "என்னா சிரிப்பு?" என்று முறைத்தார்.

"ஒண்ணுமில்லங்க," என்றேன். "உக்காருங்க, இன்னும் கொஞ்சம் சோறு போடறேன்."